குப்பை லாரி: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, குத்தகைக்கு விடுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறுநகரம். அதன் உள்ளூர் மன்றத்திடம் இருக்கும் மூன்று கொம்பேக்டர் லாரிகளுக்கும், அதாவது குப்பையை அமுக்கி ஏற்றும் லாரிகளுக்கும், வயதாகிவிட்டது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் குப்பை அள்ளும் வேலையை எப்படி நடத்துவது என்று மன்றம் முடிவெடுத்தாக வேண்டும். சுங்கை சிப்புட்டோ பீடோரோ பாகான் செராயோ, எந்த ஊர் காப்பிக்கடையில் கேட்டாலும் இதற்கு உடனே பதில் வரும்: "குத்தகைக்கு விட்டுவிடுங்கள், தலைவலி போகும்."

தலைவலி எங்கும் போவதில்லை, வேறொருவருக்கு மாறுகிறது. யாருக்கு மாறுகிறது, அவரால் அதைத் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாரியை மன்றமே வாங்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் வழக்கமாக வாங்குகிற முறையில் வாங்கினால் குத்தகையே மேல் என்றும் சொல்வேன்.

இந்தக் கேள்வி எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தாது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் 1இல் அமலுக்கு வந்தது. அதை ஏற்ற ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வீட்டுக் குப்பை, மத்திய அரசு உரிமம் கொடுத்த பெரிய நிறுவனங்களின் வேலை. தெற்கே எஸ்.டபிள்யூ.எம்., பகாங்கில் அலாம் ஃபுளோரா, வடக்கே இ-ஈடாமான். பாகாவிலோ கூலிமிலோ இருக்கும் மன்றத்துக்குத் தேர்வு செய்ய ஒன்றும் இல்லை. பேராக் அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. எனவே நம் ஊரில் முடிவும் பொறுப்பும் உள்ளூர் மன்றத்திடமே இருக்கின்றன. வாக்குப் போட்டு வந்தவர்கள் அல்லர் நம் கவுன்சிலர்கள். உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி அவர்களை மாநில அரசு நியமிக்கிறது. தவறாக வாங்கினால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு குடியிருப்பாளர்களுக்கு இல்லை. ஆகவே வாங்குவதற்கு முன்பே கேள்வி கேட்கப் பழக வேண்டும்.

தோட்டப்புற ஊருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருப்பது தனியார் நிலம். அங்கே குடியிருப்பையும் சுற்றுப்புறத்தையும் சுத்தமாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் சொல்கிறது. தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, மக்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்ததும் அதே குப்பை மன்றத்தின் கணக்கில் வந்து விழுகிறது. ஆட்கள் போவதும் வருவதும் மறுநடவையும் நில விற்பனையையும் பொறுத்தது. எந்த ஆண்டு எத்தனை வீடு கூடும் என்று நகரத் திட்டப் பிரிவே உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றைய வீட்டு எண்ணிக்கையை ஐந்து ஆண்டுக்கு நிலையானதாக எழுதி எந்த ஒப்பந்தம் போட்டாலும் அது தோட்டப்புறத்தில் இரண்டாம் ஆண்டே பொய்யாகும்.

குத்தகை

மன்றம் டெண்டர் விடுகிறது. குத்தகையாளர் தன் லாரி, தன் டிரைவர், தன் கெலிண்டான்கள் எனப்படும் லாரி உதவியாளர்களோடு வந்து அள்ளுகிறார். மன்றம் மாதாமாதம் பில் கட்டுகிறது. லாரி பழுதானால் அவர் பாடு, டீசல் ஏறினால் அவர் பாடு, ஆள் வராவிட்டால் அவர் பாடு. தாளில் பார்த்தால் எல்லா அபாயமும் கைமாறிவிட்டது.

2024இன் தொடக்கத்தில் மூன்று ஆண்டுக்கு நிலையான விலையில் கையெழுத்திட்ட ஒரு குத்தகையாளரை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது. மலிவு விலையில் டீசல் தரும் மானிய அட்டைக்குள் வராத லாரி என்றால் எரிபொருள் செலவு ஒரே இரவில் பாதிக்கு மேல் கூடியிருக்கும். 2025 பிப்ரவரி 1இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500இலிருந்து 1,700 ரிங்கிட் ஆனது. ஒப்பந்த விலை மட்டும் அசையவில்லை. அவர் முதலில் மூன்று கெலிண்டான்களை இரண்டாக்குவார். பிறகு டயரைத் தள்ளிப்போடுவார். பிறகு ஊருக்கு வெளியே தொலைவில் இருக்கும் தாமானை, அதாவது வீடமைப்புப் பகுதியை, வாரம் ஒருமுறை விட்டுவிடுவார். அந்தத் தாமானில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். புகார் எழுதிப் பழக்கம் இல்லாதவர்கள். குத்தகையாளருக்குக் கொடுத்ததாக நாம் நினைத்த அபாயம் இப்படி அந்த வீடுகளின் வாசலில் வந்து நாறுகிறது.

அதற்குத்தானே பொன் பெலாக்சானாஆன், செயல்திறன் பிணைத்தொகை இருக்கிறது என்பார்கள். கணக்குப் பார்ப்போம். கருவூல விதிப்படி பொருள், சேவை ஒப்பந்தங்களில் 200,000 முதல் 500,000 ரிங்கிட் வரை 2.5 விழுக்காடு, அதற்கு மேல் 5 விழுக்காடு. ஆண்டு மதிப்பு 600,000 ரிங்கிட் என்று ஒரு கணக்குக்காக வைத்து, அதன் மேல் 5 விழுக்காடு எடுத்தால் 30,000. மாத பில்லோ 50,000. குத்தகையாளர் ஒரு வெள்ளிக்கிழமை வேலையைக் கைவிட்டுப் போனால், அந்தப் பிணைத்தொகை மூன்று வாரத்துக்குக்கூட வராது. அவசரத்துக்குக் கூப்பிடும் ஆள் பழைய விலைக்கு வரமாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிணைத்தொகை வேண்டும்தான். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யத் தூண்டும் கடிவாளம், நட்டத்தை ஈடுகட்டும் காப்புறுதி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் கோப்புகள் ஏராளம்.

எந்த அளவையை வைத்துப் பணம் கட்டுவது என்பதிலும் ஒளிந்திருக்கிறது ஓர் அபாயம். டன் கணக்கில் கட்டினால் மழையில் நனைந்த குப்பையும், எங்கிருந்தோ ஏற்றிய இடிபாட்டு மண்ணும் எடைமேடைக்கு வரும். நடை கணக்கில் கட்டினால் லாரி பாதி நிரம்பியதும் கிளம்பிவிடும். வீட்டுக் கணக்கில் கட்டினால் அள்ளாத வீட்டுக்கும் பணம் போகும். என்னைக் கேட்டால் வீட்டுக் கணக்கு, கூடவே தவறவிட்ட ஒவ்வொரு பாதைக்கும் பிடித்தம். அந்தப் பிடித்தத்தைப் போட ஒருவர் காலையில் மோட்டார் சைக்கிளில் பாதையைச் சுற்றிவர வேண்டும். குத்தகைக்கு விட்டதும் முதலில் வெட்டப்படுவது அந்த மேற்பார்வையாளர் பதவிதான்! வேலையை வெளியே கொடுத்தாகிவிட்டது, இவர் எதற்கு என்ற தர்க்கம். கண்காணிக்க ஆள் இல்லாத குத்தகை, கேட்டதற்கெல்லாம் கையெழுத்திடும் செக் புத்தகம்.

சிறுநகரத்தில் போட்டியும் மெலிந்தது. கொம்பேக்டர் லாரி வைத்திருப்பவர்கள் மாவட்டத்துக்குச் சிலர். டெண்டருக்கு மூன்று பேர் வந்தால் அவர்களில் இருவர் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம். இப்படிக் கூடிப் பேசி விலை போடுவதை 2012 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தடைசெய்கிறது. மன்றத்துக்குள் இருப்பவர் தனக்கோ உறவினருக்கோ ஆதாயம் உள்ள விவகாரத்தில் முடிவெடுத்தால் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதற்காக நிம்மதியாக இருக்க முடியாது. எல்லாரும் எல்லாருக்கும் மாமன், மச்சான் ஆன ஊரில் டெண்டர் பெட்டியைத் திறக்கும்போது வெளியூர்க் கணக்காய்வாளர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

சிலாங்கூர் இதில் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருக்கிறது. 2011இல் அலாம் ஃபுளோராவிடமிருந்து வேலையை மன்றங்களிடம் திருப்பி எடுத்தது. மன்றங்கள் அதைச் சிறு சிறு குத்தகையாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தன. சில ஆண்டுகளில் அது மாநில அரசின் நிறுவனமான கே.டி.இ.பி. வேஸ்ட் மேனேஜ்மெண்டின் கீழ் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. பெரிய ஒரே குத்தகை, சிறு சிறு குத்தகைகள், அரசு நிறுவனம் என மூன்றையும் அந்த ஒரு மாநிலமே பார்த்துவிட்டது. அவ்வளவு வீடுகளும் அவ்வளவு வருவாயும் இருக்கிற மாநிலத்தின் பாடம் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சிறு குத்தகையாளர்களாகப் பிரித்தால் மேற்பார்வை வேலை பெருகும் என்பது எங்கும் ஒன்றுதான்.

வாடகை

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. லாரியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஆட்களை மன்றமே வைத்துக்கொள்வது. பழுதும் தேய்மானமும் உரிமையாளருடையவை. பாதையும் நேரமும் மன்றத்தின் கையில். ஐந்தாண்டுக்குக் கூட்டிப் பார்த்தால், உரிமையாளரின் லாபமும் வங்கி வட்டியும் சேர்ந்து, விலை உயர்ந்த வழி இதுவாகத்தான் இருக்கும். தைப்பூசம், தீமிதி, தீபாவளிக்கு முந்தைய வாரம் போன்ற நெருக்கடி நாட்களுக்கும், புதிதாக வாங்கும் லாரி வந்துசேரும் வரை இடைவெளியை நிரப்பவும் வாடகை மிகப் பொருத்தம். நிரந்தர ஏற்பாடாகச் செய்தால் ஒப்பந்தம் முடியும் நாளன்று மன்றத்தின் கையில் ஒரு சக்கரம்கூட இருக்காது. அடுத்த விலையை உரிமையாளரே சொல்வார்.

சொந்த லாரி

மன்றத்தின் சொந்த லாரி என்றதும் ஊரில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது டெப்போவில் புல் முளைத்து நிற்கும் லாரிதான். அந்தக் காட்சி பொய்யல்ல. ஆனால் அதற்குக் காரணம் சொந்த லாரி என்பதல்ல, அதை வாங்கிய விதம்.

கொம்பேக்டர் லாரியில் எஞ்சின் சாவதற்கு முன்பே பின்பகுதி செத்துவிடும். குப்பைத் தண்ணீர் இரும்பை அரிக்கும். குப்பை மேட்டின் சேற்றில் தினமும் புதைந்து புதைந்து கிளட்ச் போகும். ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் அன்றைய நடை அவ்வளவுதான். இந்தக் குழாயின் விலை சில நூறு ரிங்கிட். அதை மாற்றுவதற்கு மன்றத்துக்குள் ஒரு கோப்பு நகர வேண்டும். பழுதை எழுதுபவர் ஒருவர், ஒதுக்கீடு இருக்கிறதா என்று பார்ப்பவர் ஒருவர், எல்.ஓ. எனப்படும் கொள்முதல் ஆணையை அடிப்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் கூட்டத்துக்கு ஈப்போ போயிருப்பார். பில்லை 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்பது அரசாங்க விதி. பணம் இழுபறியாகும் என்று அனுபவத்தில் தெரிந்த பட்டறைக்காரர், எல்.ஓ. தாள் கையில் வராமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். அவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. இப்படிச் சில நூறு ரிங்கிட் குழாய்க்காக லட்சக்கணக்கான ரிங்கிட் லாரி இரண்டு வாரம் நிற்கிறது.

ஆகவே பழுதுபார்ப்பை லாரியோடு சேர்த்தே வாங்க வேண்டும். இரண்டு விலைகளை ஒப்பிட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஒருவர் 380,000 ரிங்கிட்டுக்கு வெறும் லாரி தருகிறார். இன்னொருவர் 430,000 கேட்கிறார்; அதில் ஐந்து ஆண்டுப் பராமரிப்பு, ஹைட்ராலிக் பாகங்கள், லாரி 48 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மாற்று லாரி எல்லாம் அடக்கம். குறைந்த விலை என்று முதலாமவருக்குக் கொடுத்தால் 50,000 மிச்சம். அவருடைய லாரி ஆண்டுக்கு 40 நாள் நின்று, நாளொன்றுக்கு 900 ரிங்கிட்டுக்கு வாடகை லாரி எடுத்தால் ஆண்டுக்கு 36,000. ஐந்து ஆண்டில் 180,000. பழுதுச் செலவு அதற்கு மேல். மிச்சம் பிடித்த 50,000 ஒன்றரை ஆண்டுக்குள் கரைந்துவிடும். இந்தக் கணக்கை மதிப்பீட்டுக் குழு போடாமல் இருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. வாங்கும் பணம் பட்ஜெட்டின் ஒரு தலைப்பில், பராமரிப்புப் பணம் இன்னொரு தலைப்பில் இருக்கிறது. மலிவாக வாங்கியவருக்குப் பாராட்டு, பழுதுச் செலவு கூடிய பிரிவுத் தலைவருக்கு விளக்கக் கடிதம். போதாக்குறைக்கு, மேலிருந்து மானியமாக லாரி வரும் ஆண்டும் உண்டு. சாவி கொடுக்கும் படம் நாளிதழில் வரும். அதன் பராமரிப்புக்கு எந்த மானியமும் வராது.

கொள்முதல் வரம்புகள் ஒரு தூண்டிலை வைத்திருக்கின்றன. நீண்ட காலமாக நடப்பில் இருந்த கணக்குப்படி 50,000 ரிங்கிட் வரை நேரடிக் கொள்முதல், 500,000 வரை செபுட் ஹர்கா எனப்படும் விலைப்புள்ளி முறை, அதற்கு மேல் திறந்த டெண்டர். விலைப்புள்ளியின் மேல்வரம்பு அண்மை ஆண்டுகளில் உயர்த்தப்பட்டுள்ளது. உள்நாட்டு டெண்டர் என்றால் குறைந்தது 21 நாள் விளம்பரம், மதிப்பீட்டுக் குழுக்கள், கொள்முதல் வாரியம். மூன்று லாரியைச் சேர்த்து வாங்காமல் ஆண்டுக்கு ஒன்றாக வாங்கினால் டெண்டர் தொல்லை இல்லாமல் முடித்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். வரம்புக்குக் கீழே கொண்டுவருவதற்காகக் கொள்முதலைத் துண்டாடுவது விதிமீறல். அதை விடுங்கள், வாங்குகிறவருக்கே அது நட்டம். மூன்று ஆண்டில் மூன்று பிராண்டு லாரிகள் வரும். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குச் சேராது. மூன்றையும் ஒரே டெண்டரில் கேட்டால்தான் ஐந்து ஆண்டுப் பராமரிப்பைச் சேர்த்துக் கேட்கும் பேரம் பேசும் வலு வரும்.

சொந்த லாரியில் மன்றம் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும் அபாயம் ஆள்பலம். கனரக லாரிக்கு இ வகுப்பு லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் இருக்கும் இளைஞருக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலோ நெடுஞ்சாலைக் கன்டெய்னரிலோ கூடுதல் சம்பளம் கிடைக்கும். பதவி காலியானால் நிரப்பப் பல மாதம் ஆகலாம். இதற்கு ஒரு வழி, இருக்கிற கெலிண்டான்களில் விருப்பமுள்ளவர்களுக்கு மன்றமே லைசென்ஸ் எடுத்துக்கொடுப்பது. லாரி விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு.

டீசல் ஏற்றமும் சம்பள ஏற்றமும் சொந்த லாரியில் மன்றத்தின் மேல்தான் விழும். ஆனால் மன்றத்திடம் வீடு, கடைகளின் மேல் போடும் மதிப்பீட்டு வரி இருக்கிறது, பட்ஜெட்டைத் திருத்தும் அதிகாரம் இருக்கிறது, மாநில அரசிடம் போய் நிற்கும் உரிமை இருக்கிறது. இரண்டு லாரி வைத்திருக்கும் உள்ளூர்க் குத்தகையாளரிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. ஓர் அபாயத்தை அதைத் தாங்க முடியாதவரிடம் கொடுத்துவிட்டு, கைமாற்றிவிட்டோம் என்று கோப்பை மூடுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. நான் சொந்த லாரியின் பக்கம் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம்.

எதிர்வாதத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டெப்போவில் நல்ல ஃபோர்மேன் இல்லை, பட்டறை இல்லை, மூன்று லாரிக்கு நான்கு டிரைவர்கூடத் தேறாது என்ற நிலையில் உள்ள மன்றம் லாரி வாங்கக் கூடாது. அது குத்தகைக்குத்தான் போக வேண்டும். போகும்போது ஊரை இரண்டு வட்டாரமாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுக்கட்டும். ஒருவர் கைவிட்டால் மற்றவர் ஒரு மாதம் தாங்குவார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். டீசலும் குறைந்தபட்சச் சம்பளமும் அரசாங்க அறிவிப்பால் மாறினால் விலையும் அதே அளவுக்கு மாறும் என்ற பிரிவைச் சேர்க்கட்டும். அதைச் சேர்த்தால் மன்றம் கூடுதலாகக் கட்ட நேரலாம் என்று நிதிப் பிரிவு எதிர்க்கும். சேர்க்காவிட்டால் அந்தப் பணத்தைத் தொலைதூரத் தாமான் அள்ளப்படாத குப்பையாகக் கட்டும். வீட்டு எண்ணிக்கையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் எண்ணும் பிரிவும் வேண்டும், லயங்கள் காலியாகும் ஊர் என்பதால்.

வாங்குவது என்று முடிவானால் டெண்டர் ஆவணத்தில் நான் தேடும் வரிகள் சில. மூன்றில் ஒரு லாரி சிறியதாக இருக்க வேண்டும். தோட்டத்து ஓரத்துச் செம்மண் ரோட்டிலும் பழைய மரப்பாலத்திலும் பெரிய கொம்பேக்டர் போகாது, போனால் ரோடு போடும் செலவு தனியாக வரும். பராமரிப்புப் பட்டறை எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். தொலைவில் சிலாங்கூரின் ஷா ஆலமில் மட்டும் பட்டறை வைத்திருப்பவரின் 48 மணி நேர வாக்குறுதிக்கு அர்த்தமில்லை. மாற்று லாரி வராத ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு பிடித்தம் என்று தொகையைப் போட்டிருக்க வேண்டும். பாகங்களின் விலைப் பட்டியலை ஐந்து ஆண்டுக்கு முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் விலைக்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு என்பதை டெண்டர் விளம்பரத்துக்கு முன்பே தீர்மானித்து எழுதியிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்த பிறகு தீர்மானித்தால் யாருக்காகத் தீர்மானித்தார்கள் என்று ஊர் கேட்கும்.

காலமும் ஒரு செலவு. விளம்பரம், மதிப்பீடு, வாரிய ஒப்புதல், அதன் பிறகு சேஸிஸ் மேல் பின்பகுதி கட்டி முடிக்கும் மாதங்கள், பதிவு என்று பார்த்தால் முடிவெடுத்த நாளிலிருந்து லாரி ரோட்டுக்கு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பழைய மூன்றும் அதுவரை தாங்காது. எனவே அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் வேண்டும்: ஆறு மாத வாடகை, ஒரே ஒரு நீட்டிப்பு மட்டும், புதிய லாரி வந்த மறுநாள் முடியும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை எழுதாத மன்றங்களில் தற்காலிக வாடகை மூன்றாம் ஆண்டும் ஓடிக்கொண்டிருக்கும்.